75 நானோசெகண்டுக்கு ஒரு காரணம்

பழைய கணினிகளின் கையேடுகளை ஸ்கேன் பிரதிகளாகத் தேடிப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். நான் முதலில் திறக்கிற அத்தியாயம் பஸ் பற்றியது. பஸ் என்றால் வேறொன்றுமில்லை. ப்ராசஸர், மெமரி, டிஸ்க் கார்டு எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொதுவான கம்பிவரிசை. வெளியாள் ஒருவர் அதில் செருக ஒரு கார்டு செய்ய வேண்டுமென்றால் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். எந்த சிக்னல் எந்தப் பின்னில் வருகிறது? எப்போது வருகிறது? முதல் கேள்விக்கு அநேகமாக எல்லாக் கையேடும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதில்தான் தரம் தெரியும்.

1970இல் பிடிபி-11 கணினியோடு வந்தது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் யூனிபஸ். அதன் கையேடுகள் பார்க்க மலிவுவிலை நாவல் மாதிரி இருக்கும். உள்ளே விஷயம் கனம். யூனிபஸ்ஸில் பொதுக் கடிகாரத் துடிப்பு கிடையாது. கேட்பவர் முகவரியைக் கம்பிகளில் வைத்து, குறைந்தது 150 நானோசெகண்ட் காத்திருந்து, பிறகு "தயார்" என்று சிக்னல் கொடுக்க வேண்டும். ஏன் 150? கம்பிக்குக் கம்பி சிக்னல் முன்பின்னாக வந்து சேரலாம், அதற்கு 75. வந்த முகவரி தன்னுடையதுதானா என்று எதிர்க்கார்டு கண்டுபிடிக்க இன்னொரு 75. எண்ணோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 1975இல் ஆல்டேர் 8800 வந்தது. அதன் 100 பின் இணைப்புதான் பின்னாளில் எஸ்-100 என்று பெயர் பெற்றது. முதல் பின்னில் +8 வோல்ட், ஒட்டியே இரண்டாம் பின்னில் +16 வோல்ட். கோணலாகச் செருகினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பொது விதி என்று ஒன்றும் எழுதப்படவில்லை. சர்க்யூட் வரைபடத்தையும் 8080 சிப்பின் நடத்தையையும் பார்த்து மற்ற கம்பெனிகள் ஊகித்துக்கொண்டன. காலியாக இருந்த பின்களை ஆளுக்கொரு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விளைவு, இருவரிடம் வாங்கிய இரண்டு கார்டுகள் ஒரே பெட்டியில் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. ஐஇஇஇ 696 என்ற முறையான தரநிலை 1983இல் வெளிவந்தபோது சந்தை ஐபிஎம் பிசி பக்கம் சாய்ந்திருந்தது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் தொழில்நுட்பக் கையேட்டைத் தாராளத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். உண்மைதான். முழு சர்க்யூட் வரைபடம், பயாஸ் நிரல் வரிவரியாக, 62 பின் ஸ்லாட்டின் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு பத்தி. மெமரியைப் படிக்க 840 நானோசெகண்ட் ஆகும் என்றுகூட இருக்கிறது. ஆனால் அந்த 840க்குள் முகவரி எத்தனை நேரம் முன்பே நிலைக்க வேண்டும், தரவு எத்தனை நேரம் பின்னும் நிற்க வேண்டும் என்று கார்டு செய்பவருக்கு வேண்டிய முழு அட்டவணை இல்லை. 1984இல் வந்த ஏடி மாடல் பஸ்ஸுக்கும் இதே கதிதான். நகல் தயாரிப்பாளர்கள் சிலர் பஸ்ஸை 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டினார்கள். சில கார்டுகள் வேலை செய்தன, சில செய்யவில்லை. தப்பு யார் மேல்? காட்டுவதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. 1988இல் காம்பாக் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் ஈசாவை அறிவித்தபோதுதான் பழைய பஸ்ஸுக்கு ஐஎஸ்ஏ என்ற பெயரே நிலைத்தது. அதற்கான ஐஇஇஇ வரைவு கடைசிவரை தரநிலையாகவில்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்கலாம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தை 1998இல் காம்பாக் வாங்கிவிட்டது. சந்தேகம் கேட்க அந்தக் கம்பெனி இல்லை. ஆனாலும் இன்று ஒருவர் பிடிபி-11க்கு மாற்றுக் கார்டு செய்ய உட்கார்ந்தால், அந்த 75ஐயும் இன்னொரு 75ஐயும் வைத்துத் தன் சர்க்யூட் சரியா என்று தானே முடிவு செய்துகொள்ளலாம். எஸ்-100 பெட்டியைப் பழுதுபார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. தன் கையிலிருக்கும் கார்டைச் செய்தவர் எதை ஊகித்தார் என்பதை, ஆஸிலோஸ்கோப்பை மாட்டி, ஒவ்வொரு பின்னாக அவர் மறுபடி ஊகிக்க வேண்டும்.