எந்த எடையில் போட்டி அதிகம்?

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எல்லாவற்றையும் ஒரே கூண்டுக்குள் அடைத்தால் அதுதான் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டை. அதன் ரசிகர்கள் ஓயாமல் வாதாடும் கேள்வி ஒன்று உண்டு: திறமைசாலிகள் அதிகம் இருப்பது எந்த எடைப் பிரிவில்?

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தபோது எடைப் பிரிவே கிடையாது. சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது! ஆனால் அவருடைய வித்தையை மற்றவர்களும் கற்றுக்கொண்ட பிறகு, எடை மறுபடியும் முக்கியமானது. 1997-ல் 200 பவுண்டுக்கு மேல், கீழ் என இரண்டு பிரிவுகள் வந்தன. பிறகு படிப்படியாகப் பெருகின.

இரண்டு பிரிவுகளை ஒப்பிட்டாலே வித்தியாசம் புரியும். 120 கிலோ வரை எடையுள்ளவர்கள் மோதும் ஹெவிவெயிட்டில், 2008-ல் பிராக் லெஸ்னர் பட்டம் வென்றது தன்னுடைய 4-வது எம்.எம்.ஏ. சண்டையிலேயே. தோற்ற சாம்பியன் ராண்டி கூட்யூருக்கு அப்போது வயது 45! 70 கிலோ லைட்வெயிட்டிலோ, கபீப் நூர்மகமதோவ் 2018-ல் பட்டம் பெற்றது 26-வது சண்டையில். 2010-ல் யு.எஃப்.சி.க்கு வந்த சார்லஸ் ஒலிவேரா, இடையில் ஃபெதர்வெயிட்டிலும் மோதிவிட்டு, 2021-ல்தான் லைட்வெயிட் சாம்பியன் ஆனார்.

காரணம் எளிது, சப்ளைதான். 70 கிலோவை ஒட்டிய ஆண்கள் தாகெஸ்தான், பிரேசில், ஜப்பான் என எங்கும் கிடைப்பார்கள். 110 கிலோ உடம்போடு வேகமும் உள்ளவர்கள் அபூர்வம். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்களை அதிகச் சம்பளம் தரும் அமெரிக்கன் ஃபுட்பால் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

ஆனால் ஆள் இருந்தால் மட்டும் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும். 2002-ல் லைட்வெயிட் சாம்பியன் ஜென்ஸ் பல்வர் சம்பளப் பிரச்சினையில் விலகினார். காலியான பட்டத்துக்காக 2003 பிப்ரவரியில் பி.ஜே. பென், காவோல் ஊனோ மோதியது டிராவில் முடிந்தது. அதன்பின் 2006 வரை பட்டமே இல்லை. பென் 170 பவுண்டுக்கு ஏறி, 2004 ஜனவரியில் மேட் ஹியூஸை வென்றார். ஜப்பானின் பிரைட் அமைப்பிலோ டகனோரி கோமி லைட்வெயிட் நட்சத்திரமாக ஜொலித்தார். திறமை இருந்தது, யு.எஃப்.சி.யில் மேடைதான் இல்லை!

ஃப்ளைவெயிட் கதையும் இதுதான். டெமெட்ரியஸ் ஜான்சன் தொடர்ந்து 11 முறை பட்டத்தைத் தக்கவைத்தபோது, "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பதுபோல்தான் பலர் பேசினார்கள். 2018-ல் அவர் பட்டத்தை இழந்து வேறு அமைப்புக்குப் போனார். பல வீரர்கள் நீக்கப்பட்டார்கள். ஆனாலும் பிரிவு தப்பியது. 2020 முதல் 2023 வரை ஃபிகெய்ரெடோ, மொரேனோ இருவரும் நான்கு முறை மோதி அதற்கு உயிர் கொடுத்தார்கள். பெண்கள் ஃபெதர்வெயிட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2017-ல் தொடங்கிய அந்தப் பிரிவு, 2023-ல் அமாண்டா நூனெஸ் ஓய்வு பெற்றதோடு முடிந்துபோனது.

ஆக, ஒரு பிரிவில் ஆள் இல்லை என்று சொல்லும் முன், அங்கே பட்டமும் சம்பளமும் எத்தனை வருடம் இருந்தன என்று பார்ப்பது நல்லது.