டிபன் என்னும் சொல்

ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் கைப்புத்தகம் ஒன்றை அண்மையில் புரட்டியபோது, உணவு விடுதியில் உரையாடுவது எப்படி என்ற பாடத்தின் அடிக்குறிப்பில், டிபன் என்பது ஆங்கிலேயர் நம்மிடம் கடன் பெற்ற சொல்லென்றும், 'தின்பன' என்னும் செந்தமிழ்ச் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்ததென்றும், ஆதலால் மாணவர் அதனை எந்தத் தேசத்திலும் கூசாமல் வழங்கலாமென்றும் எழுதியிருக்கக் கண்டேன். மேடைகளிலும் இக்கருத்தைக் கேட்டிருக்கிறேன், கைதட்டலும் கிடைக்கிறது. சொல்லாராய்ச்சிக்குக் கைதட்டல் பிரமாணமாகாது என்பது ஒருபுறமிருக்க, அந்த அடிக்குறிப்பை நம்பிக் கப்பலேறும் பிள்ளை சீமையில் பட்டினி கிடக்க நேருமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டதால் இதனை எழுதலானேன்.

'தின்பன' பழைய சொல்லே. அதில் எனக்கு விவாதமில்லை. பல வினைகளுக்குப் பொதுவான பெயரை ஒரு வினைக்கே உரிய சொல்லால் முடித்தல் கூடாதென விதிக்கும் தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரை கண்டவர்கள், அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய நான்குக்கும் பொதுவாதலின் அதற்கு 'அயின்றார்', 'மிசைந்தார்' என்ற பொதுவினைகளே ஏற்கும் என்று விளக்குவது படித்தோர் அனைவரும் அறிந்ததே. உண்ணுதலையும் தின்னுதலையும் இத்தனை நுட்பமாகப் பகுத்தறிந்த மொழி நம்முடையது என்று மகிழலாம். மகிழ்ந்துவிட்டு, ஒரு சொல் நம்மிடம் இருந்தது என்பதனால் மட்டும் அது பிறரிடம் சென்றது என்றாகிவிடாது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியை நோக்குவோம். தமிழ்ப் பகரத்தை ஆங்கிலேயர் காதில் வாங்கியபோதெல்லாம் பகரமாகவே வாங்கினார்கள். அப்பம் அவர்களுக்கு 'ஹாப்பர்' ஆயிற்று. தோப்பு 'டோப்' ஆயிற்று. இரண்டிலும் பகரம் உதட்டை விட்டு நழுவவில்லை. 'தின்பன' மட்டும் தன் னகரத்தை விழுங்கிவிட்டுப் பகரத்தையும் பல்லால் உதட்டைக் கடித்து ஒலிக்கும் ஓசையாக மாற்றிக்கொண்டு, 'டிஃபின்' என்று நின்றதற்கு என்ன காரணம்? எதிர்த்திசையில் பார்த்தாலோ யாவும் தெளிவாகின்றன. அவ்வோசை தமிழில் இல்லாமையால் அதனை நாம் பகரமாக்கிக்கொள்வது நித்திய வழக்கம். காபியும் ஆபீசும் அவ்வாறு வந்தவையே, டிபனும் அவ்வாறு வந்ததே. மேலும், டகரம் மொழிக்கு முதலாகாது என்பது இலக்கணம். வாசலில் டகரத்தோடு வந்து நிற்கும் சொல் தன் ஊர் வேறு என்பதைத் தானே சொல்லிவிடுகிறது.

அந்த ஊர் எது? 1785ஆம் ஆண்டு லண்டனில் பிரான்சிஸ் குரோஸ் என்பவர், கனவான்கள் அச்சேற்றத் துணியாத தெருப்பேச்சுச் சொற்களையெல்லாம் திரட்டி ஓர் அகராதி வெளியிட்டார். அதில் 'டிஃபிங்' என்னும் சொல்லுக்கு, சாப்பாட்டு வேளையல்லாத வேளையில் உண்பதும் குடிப்பதும் என்று பொருள் காணப்படுகிறது. 'டிஃப்' என்றால் சிறு கிண்ண மது. தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த பர்னலும், அவருடன் சேர்ந்து கர்னல் யூலும் தொகுத்து, பர்னல் இறந்தபின் 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் கோசம், டிபன் இங்கிலாந்தின் கொச்சைச் சொல்லே என்றும், தாய்நாட்டில் வழக்கொழிந்து இந்தியாவில் எஞ்சியது என்றும் முடிவு கூறுகிறது. வங்காளத்திலிருந்த கப்பித்தான் வில்லியம்சன் 1810இல் வெளியிட்ட நூலில் ஈற்றுக் ககரம் தேயாமல் 'டிஃபிங்' என்ற வடிவமே இருப்பதும் இதற்கு அரண். தமிழே அறியாத வங்காளத்தில், தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கில வினையீறு எவ்வாறு முளைத்ததென்று 'தின்பன'க் கட்சியார் விளக்கட்டும். அரபியில் 'தஃபன்னுன்' என்பாரும் சீனத்தில் 'சிஃபான்' என்பாரும் உண்டு. அவர்களை யூலும் பர்னலும் அன்றே வழியனுப்பிவிட்டார்கள்.

சொல் அவர்களுடையது, பொருளோ நம்முடையது. பகல் இரண்டு மூன்று மணிக்கு நடந்துவந்த பெருவிருந்தை ஆங்கிலேயர் படிப்படியாக இரவுக்குத் தள்ளிக்கொண்டு போனமையால் நடுப்பகலில் ஓர் இடைவெளி விழுந்தது. அதனை நிரப்பிய இலேசான ஆகாரத்துக்கு இங்கே அவர்கள் இட்ட பேர் டிபன். தமிழனுக்கோ நடுப்பகல் சோற்றுக்கு உரியது. அங்கே வேறொன்றுக்கு இடமில்லை. ஆகவே அச்சொல் காலைக்கும் மாலைக்கும் இடம் மாறி, ஏற்கெனவே அங்கே அமர்ந்திருந்த பலகாரத்தின் ஆசனத்தில் ஏறிக்கொண்டது. பலகாரத்தைப் 'பல காரம்' என்று பிரித்து, அதிரசத்தில் காரம் எங்கே என்று திகைப்பாரும் உளர். அது பலாஹாரம், சோறு விலக்கிய விரத நாளில் கனி கிழங்குகளை உண்பதைக் குறித்து, பின் அவ்விடத்தில் இட்லியும் தோசையும் உப்புமாவும் வந்து சேர, சோறல்லாத உணவு என்ற பொருளை அடைந்த வடசொல். அமாவாசை இரவில் பலகாரம் பண்ணுகிற வீடுகள் இன்றும் உண்டு. சோறல்லாதது என்னும் இந்த இலக்கணத்தை ஆங்கில டிபன் அறியாது. பலகாரம்தான் அதற்கு அதைக் கற்பித்தது என்பது என் துணிபு.

பொருளின் பழைமைக்குச் சாட்சி வேண்டுவோர் மதுரைக்காஞ்சியின் நள்ளிரவைப் பார்க்கலாம். மெல்லிய அடையும் பூரணம் வைத்த மோதகமும் விற்ற கூவியர் தம் சரக்கோடு அப்படியே கண்ணயர்ந்திருப்பார்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் சிலம்பிலும் அவர்கள் உண்டு. கடைத்தெருவில் சிற்றுண்டி வாங்கித் தின்னும் பழக்கம் வெள்ளையர் வருமுன்பே நமக்கு இருந்தது என்பதை நிறுவக் கூவியர் போதும். அதற்காக 'தின்பன'வை வருத்த வேண்டியதில்லை.

இனி அந்தக் கைப்புத்தகத்துப் பிள்ளையின் கதிக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் ஒரு தேநீர்க் கடையில் புகுந்து டிபன் என்று கேட்டால் இன்று கிடைப்பது, பிஸ்கத்தை நொறுக்கி உலர்ந்த திராட்சையோடு சேர்த்துக் குளிரவைத்து, மேலே சாக்லேட்டு பூசிய ஒரு கட்டி. சட்னியும் கேட்டுத் தொலைத்தால் என்ன ஆகுமோ! ஓட்டல் எங்கே என்று விசாரித்தால் படுக்கையுள்ள கட்டடத்துக்கு வழி சொல்வார்கள். உண்ணுமிடத்துக்கு ரெஸ்டாரண்ட் என்றுதான் கேட்க வேண்டும். ஓட்டலும் ஆஸ்பத்திரியும் விருந்தினரைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்த உடன்பிறப்புகள். நம் ஓட்டல்கள் சிலவற்றில் உண்டவர்களுக்கு இவ்வுறவை விளக்க வேண்டியதில்லை. மெஸ் முதலில் பழைய பிரெஞ்சில் மேசைமீது வைத்த உணவு. பின் அதைச் சூழ்ந்து உண்போர் கூட்டம். பின் படைவீரர் போஜனசாலை. நம்மிடம் வந்து வாழையிலையும் வற்றற்குழம்பும் ஆயிற்று. கிளப்பின் கதை இன்னும் வேடிக்கை. துரைகள் பிறரை உள்ளே விடாத இடத்துக்கு அப்பேர். நாமோ காலணாவுக்குக் காபி குடிக்க எவரும் நுழையும் இடத்தைக் காபி கிளப் என்றோம். மீல்ஸ் பன்மையென்று எவரும் எண்ணுவதில்லை. 'ஒரு மீல்ஸ்' என்று சீட்டு வாங்குகிறோம், தவறாக ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் லண்டனில் அப்படிக் கேட்டால், ஒன்றா இரண்டா என்று மறுகேள்வி வரும்.

ஆங்கிலேயன் நம்மிடம் வாங்கியதைச் சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், ஐயமற்ற சான்றுகள் கைவசம் இருக்கின்றன. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆகி அவர்கள் சூப்பு வரிசையில் ஏறியிருக்கிறது. ஹைதர் காலத்தில் பெங்களூரில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவரின் 1784ஆம் ஆண்டுப் பாட்டிலேயே அது கஞ்சியோடு சேர்ந்து காணப்படுகிறது. கறியோ பட்டினப்பாலையில் மிளகாக மூட்டையில் வந்திறங்கி, பின் மிளகிட்டுச் சமைத்ததற்குப் பேராகி, கடைசியில் உலகத்து உணவுப் பட்டியல்களிலெல்லாம் இடம் பிடித்தது. இவ்வளவு சொத்துள்ள குடும்பத்துக்கு இரவல் நகை எதற்கு?

ஒரு நண்பர் இதனைக் கேட்டுவிட்டு, டிபன் சோறல்லாததாயின் பொங்கல் என்ன என்று மடக்கினார். நல்ல கேள்வி. பொங்கலில் அரிசி அரிசியாகவே வேகிறது. ஆயினும் பரிமாறுபவர் காலையில் நம்முன் நின்று இட்லி, வடை, பொங்கல், பூரி என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும்போது அது அவ்வரிசையில் உறுத்தலின்றி அமர்ந்திருக்கிறது. குழம்பு, ரசம், மோர் என்னும் கிரமத்துக்கு உட்படுவதே சோறு. உட்படாதது அரிசியேயானாலும் பலகாரம், ஆகவே டிபன். தயிர்சாதத்தையும் இதில் சேர்க்கலாமென்று நண்பர் வாதித்தார். தயிர் அக்கிரமத்தின் கடைசிப் படி. ஆதலால் தயிர்சாதம் சோறே. அதை டிபன் பட்டியலில் எழுதி வைக்கும் ஓட்டல்காரரை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.