எக்காளம் காத்த நினைவு

ஒரு சமுதாயம் பட்ட துயரை ஏடுகள் மட்டுமே காப்பதில்லை, கலைகளும் காக்கின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை விளங்கும். அவ்விசையில் புதுநெறி வகுத்த எக்காளக் கலைஞர் வாதாதா லியோ ஸ்மித்தின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஸ்மித் 1941 டிசம்பர் 18-ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்து லீலண்ட் எனும் ஊரிற் பிறந்தார். அதே ஆண்டு சிகாகோவிற் பிறந்தவன் எம்மெட் டில். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியிலிருந்த உறவினரைக் காண வந்த அப்பதினான்கு வயதுச் சிறுவனை, வெள்ளை மாது ஒருத்தியிடம் முறைகேடாக நடந்தான் எனப் பழி சுமத்திக் கொன்று ஆற்றில் எறிந்தனர். குற்றஞ்சாட்டப்பெற்ற வெள்ளையர் இருவரையும், வெள்ளையரே நிறைந்த ஜூரி விடுதலை செய்தது. அப்பொழுது அதே மாநிலத்தில் ஸ்மித் பதின்மூன்று வயதினர்.

புளூஸ் இசைவாணரான மாற்றாந்தந்தையிடமும், பின்னர் இராணுவ இசைக்குழுக்களிலும் பயின்ற ஸ்மித், 1967-இல் சிகாகோ சென்றார். தம் கலையைத் தாமே ஆள வேண்டுமெனக் கறுப்பினக் கலைஞர்கள் 1965-இல் நிறுவிய சங்கத்தில் இணைந்தார். ஒலிக்கு ஈடாக மௌனத்துக்கும் அளவு வகுத்தார். வண்ணங்களாலும் வடிவங்களாலும் அமைந்த இசைக்குறியீட்டு முறையொன்றைப் படைத்து, 'அங்க்ராஸ்மேஷன்' எனப் பெயரிட்டார். அப்பெயரின் நடுவிலுள்ள 'ராஸ்' எத்தியோப்பிய மொழியில் தலைவனைக் குறிக்கும். தலையெனப் பொருள்படும் நம் அரபுச் சொல் 'ரஃஸ்' அதன் உடன்பிறப்பே.

1977-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் உழைத்து அவர் இயற்றிய 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' 2012-இல் நான்கு இசைத்தட்டுகளாக வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றையும் எட்டியது. உரிமைப் போராட்டத்தைப் பாடும் அத்தொகுப்பில் ஒரு பகுதியின் பெயர் 'மாலிக் அல்-ஷபாஸும் ஷஹாதாவின் மக்களும்'. 1964-இல் ஹஜ்ஜை நிறைவேற்றி, 1965-இல் சுட்டுக் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸே அந்த மாலிக். அதனையடுத்து வருவது எம்மெட் டில்லின் பெயர் தாங்கிய பகுதி.

நீதிமன்றம் கைவிட்ட சிறுவனை, அவனோடு ஒரே ஆண்டிற் பிறந்த ஒருவர் தமது எழுபதாம் வயதிலும் மறந்தாரில்லை. தீர்ப்பை மாற்றும் ஆற்றல் எக்காளத்துக்கு இல்லை. எனினும், கொல்லப்பட்டவன் பெயர் மறையாதிருக்க ஒருவர் தம் மூச்சை ஈந்தார் என்பதை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று.