தொழிலகக் கணினிகளில் ஈத்தர்நெட்டின் வரலாறு

ஆலை இயந்திரங்களை இயக்கவும் கண்காணிக்கவும் அவற்றின் உள்ளேயே பொருத்தப்படும் சிறு கணினிகள் உட்பொதி கணினிகள் எனப்படும். இவற்றுள் ஒருவகை, தேவைக்கேற்ப அட்டைகளைச் சேர்த்தும் மாற்றியும் அமைக்கத் தக்கது. இத்தகைய கணினிகள் ஒன்றோடொன்று தரவு பரிமாற இன்று பரவலாகப் பயன்படுவது ஈத்தர்நெட் பிணையம். ஆனால் அலுவலகத்துக்காகப் பிறந்த ஈத்தர்நெட், ஆலைக்கு ஏற்றதன்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

தோற்றம்

அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த செராக்ஸ் ஆய்வு மையத்தில் 1973ஆம் ஆண்டு ராபர்ட் மெட்காஃப் இதற்கான கருத்தை முன்வைத்தார். அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து முதல் பிணையத்தை உருவாக்கினர். அதன் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஹவாய்த் தீவுகளின் அலோகாநெட் வானொலிப் பிணையம் இதற்கு முன்னோடி. 1983இல் நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள ஈத்தர்நெட், ஐ.இ.இ.இ. 802.3 என்னும் தரமாக ஏற்கப்பட்டது.

ஆலைக்குப் பொருந்தாத காரணம்

தொடக்க கால ஈத்தர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும். பின்னர் ஒவ்வொன்றும் தற்போக்கான ஒரு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்பும். 10 மெகாபிட் வேகத்தில் இந்தக் காத்திருப்பு ஒருமுறைக்கே ஏறத்தாழ 52 மில்லிநொடி வரை நீளலாம். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் செய்தி கைவிடப்படும்.

அச்சுப் பொறிக்குச் செல்லும் கோப்பு சற்றுத் தாமதித்தால் இழப்பில்லை. சுழலும் மோட்டாரை நிறுத்தும் கட்டளை தாமதித்தால் பொருளுக்கும் ஆளுக்கும் ஆபத்து. ஆலைக்குத் தேவைப்பட்டது வேகம் மட்டுமன்று. குறித்த நேரத்துக்குள் செய்தி சேரும் என்னும் உறுதி.

அடுக்குப் பலகைகள்

தனிநபர் கணினியின் அமைப்பைச் சிறு பலகையில் தரும் பிசி/104 தரம் 1992இல் வெளியானது. ஏறத்தாழ 90 மில்லிமீட்டருக்கு 96 மில்லிமீட்டர் அளவுள்ள பலகைகள், 104 ஊசிகள் கொண்ட இணைப்பிகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நான்கு மூலைகளிலும் திருகுவதால் அதிர்வைத் தாங்கும். பிணையம் வேண்டுமெனில் அதற்கான பலகை ஒன்றை அடுக்கில் சேர்த்தால் போதும்.

இதில் ஒரு தடை இருந்தது. பலகைகளை இணைத்த ஐ.எஸ்.ஏ. தரவுப் பாதை 10 மெகாபிட் ஈத்தர்நெட்டுக்குப் போதுமானது. 1995இல் தரமாக்கப்பட்ட 100 மெகாபிட் ஈத்தர்நெட்டின் முழு வேகத்துக்கு அது குறுகியது. 1997இல் வந்த பிசி/104-பிளஸ், நொடிக்கு ஏறத்தாழ 132 மெகாபைட் கடத்தவல்ல பி.சி.ஐ. பாதையைச் சேர்த்தது. நொடிக்கு 1000 மெகாபிட் வேகமுள்ள கிகாபிட் ஈத்தர்நெட் ஒரு திசையிலேயே 125 மெகாபைட் கேட்கும். ஆகவே அந்தப் பாதையும் நெரிசலானது. 2008இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதையுடன் அடுத்த தரம் வந்தது. பிணையம் விரைவுபெறும்போதெல்லாம் பலகையின் உட்பாதையும் விரிய வேண்டியிருந்தது.

பெரிய பெட்டிகளில் செருகப்படும் காம்பாக்ட் பி.சி.ஐ. அட்டைகளில் வேறொரு வழி கையாளப்பட்டது. 2001இல் வெளியான பிக்மிக் 2.16 தரம், அட்டைகள் செருகப்படும் பின்பலகையிலேயே ஈத்தர்நெட் தடங்களை அமைத்தது. வெளிக் கேபிளாக இருந்த பிணையம் பெட்டிக்குள் உள்ள இணைப்பாகவும் மாறியது.

நேர உறுதி கிடைத்த வழி

1990களில் பரவிய சுவிட்ச் என்னும் கருவி, ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள் தந்தது. 1997இல் தரமாக்கப்பட்ட இருவழி முறையில் அனுப்புதலும் பெறுதலும் ஒரே நேரத்தில் நடப்பதால் மோதல் இல்லாமற் போயிற்று. எனினும் சுவிட்சில் செய்திகள் வரிசையில் நிற்கும் தாமதம் எஞ்சியது. அவசரச் செய்திக்கு முன்னுரிமை தருவது அதை ஓரளவு குறைத்தது.

2003இல் ஜெர்மனியின் பெக்ஹாஃப் நிறுவனம் அறிமுகம் செய்த ஈத்தர்கேட் முறையில், ஒரே செய்தி எல்லாக் கருவிகளையும் கடந்து செல்லும். ஒவ்வொரு கருவியும் தனக்குரிய பகுதியை ஓட்டத்திலேயே படித்து எழுதும். 2002இல் வந்த ஐ.இ.இ.இ. 1588 தரம் கருவிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்க வழி செய்தது. பின்னர் உருவான நேரம் உணர் பிணையத் தரங்கள், அவசரச் செய்திகளுக்குக் கால அட்டவணையே வகுத்தன.

இன்றைய தெரிவுகள்

கண்காணிப்புக்கும் பதிவுக்கும் சாதாரண ஈத்தர்நெட் போதும். இயந்திர அசைவைக் கட்டுப்படுத்த ஈத்தர்கேட் போன்ற முறை தேவை. அதிர்வு மிகுந்த இடங்களில், அலுவலகங்களில் காணப்படும் பிளாஸ்டிக் கொக்கி இணைப்பிக்குப் பதிலாக எம்12 என்னும் திருகு இணைப்பி பயன்படுகிறது. மின் இடையூறு மிகுந்த இடங்களுக்கு ஒளியிழைக் கேபிள் ஏற்றது. 2019இல் தரமாக்கப்பட்ட 10பேஸ்-டி1எல், ஒரே இணைக் கம்பியில் 1000 மீட்டர் வரை 10 மெகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும். 1983இல் தரமாக்கப்பட்ட அதே வேகம், இம்முறை மோதலின்றி ஆலைக் கருவிகளைச் சென்றடைகிறது.