கோவில் ஏட்டில் ஒரு வரி

கோவில் பணி என்றதும் பிரசங்கமும் பாட்டும் திருவிழாவும்தான் நம் நினைவுக்கு வரும். ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, குருவானவர் மேசையில் உட்கார்ந்து ஒரு தடித்த ஏட்டில் நாலு வரி எழுதுவாரே, அதை யார் கவனிக்கிறோம்? இன்று அந்த ஏட்டின் கதையைக் கேட்போம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1924-ல் கட்டிய சீயோன் லுத்தரன் ஆலயம் இருக்கிறது. அச்சபையின் வேர் தமிழ்நாட்டின் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே கரையிறங்கினார்கள். மறு ஆண்டு மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர்; டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். எசமானின் சொத்தாக எண்ணப்பட்ட அவர்களைப் பெயர் சொல்லி அழைத்த இடம் அது.

அங்கே சின்னக் காரியத்துக்கு எவ்வளவு கவனம் கொடுத்தார்கள் என்பதற்கு அச்செழுத்தே சாட்சி. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713-ல் வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகள் மிகவும் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் புத்தகம் பருத்துப் போகும். கப்பலில் வந்த காகிதமும் தீர்ந்துவிடும். ஆகவே ஆட்லர் என்ற கைவினைஞர் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கினார்களாம்! 1714-ல் சுவிசேஷங்களும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன.

அச்செழுத்துக்குக் காட்டிய கவனம் பேனா எழுத்துக்கும் வேண்டும் அல்லவா? கத்தோலிக்கர் இதைச் சட்டமாகவே வைத்தார்கள். பங்குக் குரு ஏடு வைத்து எழுத வேண்டும் என்று 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. 1907-ல் ரோமாபுரியிலிருந்து இன்னொரு கட்டளை வந்தது. கிள்ளானில் ஞானஸ்நானம் பெற்ற பெண் ஈப்போவில் தாலி கட்டிக்கொண்டால், அந்தச் செய்தி கிள்ளானுக்கு எழுதப்பட வேண்டும். அவள் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். 1928-ல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துக்கும் இதே விதிதான்.

தோட்டத்தில் இதன் அருமை தெரியும். ஒரே தோட்டத்தில் நாலு மேரி, மூன்று சூசை இருப்பார்கள். பிரட்டுக்கு நிற்கும்போது கிராணியார் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். அடுத்த கிராணியார் வேறு விதமாக எழுதுவார். கோவில் ஏட்டில் தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த நாள், தோட்டத்தின் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் இருந்தால்தான் இந்த மேரி யாருடைய மகள் என்று சொல்ல முடியும். குருவானவர் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய், பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டால் போயிற்று.

1968-ல் வந்த சட்டப்படி, குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத குடும்பங்களின் சங்கடம் அதோடு முடியவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஞானஸ்நானச் சான்று பிறப்புப் பத்திரம் ஆகாது. ஆனால் பத்திரத்துக்கு அலைகிறவருக்கு, பிள்ளை எந்த நாளில், யாருக்கு, எந்த ஊரில் பிறந்தது என்று காட்ட அந்த ஒரு வரி துணையாக நிற்கலாம்.

பெற்றோருடைய ஞானஸ்நானச் சான்று வேண்டுமானால், அது நடந்த கோவிலுக்கே எழுதுங்கள். ஆண்டும் பெற்றோர் பெயரும் குறிப்பிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரக் காடு இருந்த இடங்களில் இன்று வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன, பெயர்களும் மாறிவிட்டன. நீங்கள் தோட்டத்தின் பழைய பெயரையே எழுதுங்கள். ஏட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும்.