ஓடுபவனுக்கா, வழி திறப்பவனுக்கா? ஒரு சம்பளச் சண்டையின் வரலாறு



இன்றைய பதிவில் நாம் கொஞ்சம் தூரமாக, அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே 'ஃபுட்போல்' என்றால் எமது உதைபந்தாட்டம் அல்ல. றக்பியிலிருந்து கிளை பிரிந்து வளர்ந்த ஒரு விளையாட்டு. அணிக்கு 11 பேர். முட்டை வடிவப் பந்தை எறியலாம், தூக்கிக்கொண்டும் ஓடலாம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம், அதாவது 30 அடி, முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இதில் மூன்று வேலைகளைத் தெரிந்துகொண்டால் எமக்குப் போதும். பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்'. பந்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர் 'ரன்னிங் பேக்'. இவர்களுக்கு முன்னால் நிற்கும் முன்வரிசை வீரர்கள் ஐந்து பேர். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரணியைத் தள்ளி விலக்கி, ஓடுபவனுக்கு வழி திறப்பதுதான் அவர்களது தொழில்.

ரன்னிங் பேக்குக்குப் பெரும் பணம் கொடுக்கலாமா என்பது அங்கே முப்பது வருடங்களுக்கு மேலாக ஓயாத வாதம். உழைப்புக்கும் கூலிக்கும் இடையிலான பழைய வழக்குத்தான் அது. ஆகவே எமக்கும் அதில் படிக்க ஏதோ இருக்கிறது.

1989 ஒக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் கழகம் ஹேர்ஷல் வோக்கர் என்ற ஒரே ஓட்டக்காரரை வாங்குவதற்காக, டலஸ் கவ்போய்ஸ் கழகத்துக்கு ஐந்து வீரர்களையும், வரும் ஆண்டுகளில் புதுமுக வீரர்களைத் தெரிவுசெய்யும் உரிமைகள் பலவற்றையும் அள்ளிக் கொடுத்தது. வோக்கரை வைத்துக்கொண்டு மினசோட்டா ஒரு தடவைகூட 'சூப்பர் போல்' எனப்படும் இறுதிப்போட்டியை எட்டவில்லை. அந்தப் பருவத்தில் 16 போட்டிகளில் ஒன்றில் மட்டும் வென்ற டலஸோ, கிடைத்த உரிமைகளைக் கொண்டு புதிய அணியையே கட்டியெழுப்பியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த உரிமைகளில் ஒன்றைப் பயன்படுத்தி 1990இல் டலஸ் எடுத்ததும் ஓர் ஓட்டக்காரரைத்தான். அவர்தான் எம்மிட் ஸ்மித். 1993இல் சம்பளப் பிணக்கு வந்தபோது ஸ்மித் விளையாட மறுத்து வீட்டில் இருந்தார். டலஸ் முதல் இரண்டு போட்டிகளிலும் தோற்றது. உடனே நான்கு ஆண்டுகளுக்கு 13.6 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்மித் திரும்பி வந்தார், அந்தப் பருவத்தின் சம்பியன் பட்டத்தை டலஸ் வென்றது. பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்பவர்கள் இன்றும் காட்டும் சாட்சி இதுதான்.

ஆனால் அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1994இல் லீக் நிர்வாகம் சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தது. ஒரு கழகம் தன் வீரர்கள் அனைவருக்குமாக ஆண்டுக்கு 34.6 மில்லியன் டொலருக்கு மேல் செலவழிக்க முடியாது. (2024இல் அந்த எல்லை 255.4 மில்லியன்.) அன்றிலிருந்து ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைத்தாக வேண்டும். 1978இல் செய்த விதி மாற்றங்கள் பந்து எறிதலை ஏற்கெனவே இலகுவாக்கியிருந்தன. எனவே பணம் மெல்ல மெல்ல எறிபவர் பக்கம் சாய்ந்தது.

சியாட்டில் சீஹோக்ஸ் கழகத்தின் கதையை நாம் ஆறுதலாகப் படிக்க வேண்டும். 2005 பருவத்தில் ஷோன் அலெக்சாண்டர் 1,880 யார் ஓடி, லீக்கின் மிகப் பெறுமதிவாய்ந்த வீரர் விருதையும் பெற்றார். 2006 மார்ச்சில் அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு 62 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதே மாதத்தில், அவருக்கு இடப்பக்கத்தில் வழி திறந்துகொண்டிருந்த ஸ்டீவ் ஹட்சின்சனைக் கழகம் இழந்தது. மினசோட்டா தன் ஒப்பந்தத்தில் தந்திரமான ஒரு நிபந்தனையைச் சேர்த்து அவரைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த பருவத்தில் அலெக்சாண்டரின் பாதத்தில் எலும்பு முறிந்தது. அவரால் 896 யார் மட்டுமே ஓட முடிந்தது. 2008இல் அவரை விடுவித்தார்கள். எட்டு ஆண்டு ஒப்பந்தம் இரண்டே பருவங்களில் முடிந்தது.

காயமும் வயதும் இதற்குக் காரணம் என்பது உண்மை. ஆனாலும் வழி திறந்தவன் போன பிறகு ஓடுபவன் பழைய ஓட்டக்காரனாக இருக்கவில்லை என்பதும் உண்மை. ஹட்சின்சனோ 2007இல் மினசோட்டாவின் முன்வரிசையில் நின்றார். அங்கே ஏட்ரியன் பீட்டர்சன் என்ற புதுமுகம் ஒரே போட்டியில் 296 யார் ஓடி லீக் சாதனை படைத்தார்.

2018இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் கழகம் டொட் கேர்லிக்கு நான்கு ஆண்டுகளுக்கு 57.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியில் அவர் 10 தடவை பந்தைத் தூக்கி 35 யார் மட்டுமே ஓடினார். 2020 மார்ச்சில் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. விலை கூடிய ஓட்டக்காரர் எவரும் இல்லாமலேயே ராம்ஸ் 2021 பருவத்தின் சம்பியனானது.

இந்த இடத்தில் நாம் வீரனின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். 2011இல் வந்த கூட்டு ஒப்பந்தத்தின்படி, புதுமுக வீரர் நிர்ணயித்த சம்பளத்துக்கே முதல் நான்கு ஆண்டுகள் விளையாட வேண்டும். குவார்ட்டர்பேக் ஒருவர் 35 வயதிலும் விளையாடலாம். ரன்னிங் பேக் ஒவ்வொரு போட்டியிலும் இருபது தடவை மோதி விழுகிறார். அவரது நல்ல கால்கள் அந்த நான்கு மலிவான ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடுகின்றன. பிறகு அவர் பேரம் பேச வரும்போது, "உன் உடம்பில் இனி என்ன இருக்கிறது?" என்கிறது கழகம். அத்தோடு 'ஃபிரான்சைஸ் டேக்' என்றொரு விதி உண்டு. ஒப்பந்தம் முடிந்த வீரரையும் நிர்ணயித்த தொகைக்கு மேலும் ஓராண்டு பிடித்து வைக்க அது இடம் கொடுக்கிறது. முந்தைய பருவத்தில் முழு லீக்கிலும் அதிக தூரம் ஓடிய ஜோஷ் ஜேக்கப்ஸ் உட்பட மூவர் 2023இல் இப்படிப் பிடிபட்டார்கள்.

அந்த மூவரில் இன்னொருவர் நியூயோர்க் ஜயண்ட்ஸ் கழகத்தின் சேக்வொன் பார்க்லி. 2024இல் அவரைப் போக விட்டார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை மூன்று ஆண்டுகளுக்கு 37.75 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் 2,005 யார் ஓடினார். ஈகிள்ஸ் 40க்கு 22 என்ற புள்ளிகளில் சம்பியனானது. 2025 மார்ச்சில், ஆண்டுக்கு 20 மில்லியன் டொலருக்கு மேல் பெறும் முதலாவது ரன்னிங் பேக் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

ஆளும் அதே ஆள், கால்களும் அதே கால்கள். முன்னால் நின்றவர்கள்தான் வேறு. பிலடெல்பியாவின் முன்வரிசையில் ஜோர்டன் மைலாட்டா என்று ஒருவர் இருக்கிறார். 6 அடி 8 அங்குல உயரம். சிட்னியில் றக்பி லீக் விளையாடி வளர்ந்தவர். 2018இல் தெரிவின் கடைசிச் சுற்றில்தான் அவரை எடுத்தார்கள். அவரைப் போன்றவர்களைப் பொறுமையாகச் சேர்த்து வளர்த்து, உரிய சம்பளமும் கொடுத்து வைத்திருந்த பிறகே கழகம் ஓட்டக்காரரைத் தேடிப் போனது.

ஆகவே எமது முடிவு இதுதான். ரன்னிங் பேக்குக்குப் பெரும் பணம் கொடுக்கலாம், ஆனால் முன்வரிசையைக் கட்டிய பிறகு. பாதை இல்லாத இடத்தில் விலை கூடிய வாகனம் வாங்கி நிறுத்துவதில் பயனில்லை. கொடுப்பதென்றால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். ஒருவன் கால் தேயும் வரை மலிவாக ஓட வைத்துவிட்டு, தேய்ந்த காலைக் காட்டி விலை குறைப்பது கணக்கில் சரியாக வரலாம், நியாயத்தில் வராது. அந்தக் கணக்கைப் பிறப்பித்த விதிகளும் மேசையில் இருந்து மனிதர்கள் எழுதியவைதாம். ஓட்டக்காரர்களின் முதல் ஒப்பந்தத்தை மட்டுமாவது இரண்டு, மூன்று ஆண்டுகளாகச் சுருக்க அவர்களால் முடியும்.

கோப்பையைத் தூக்கும் படத்தில் ஓடியவரின் முகம் எமக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த முறை அப்படியொரு படத்தைப் பார்க்கும்போது, அவருக்குப் பின்னால் நிற்கும் அந்த ஐந்து பேரின் பெயரையும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்.