வீட்டில் சொல்லிவிடு: சேலம் சமவெளியில் தொடக்கப் பள்ளி அறிவிப்புகளின் இருநூறு ஆண்டுகள்

பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதியவர்கள் கட்டடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாடநூல், ஆசிரியர் சம்பளம், சேர்க்கை எண்ணிக்கை பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். "நாளைக்குப் பூச்சி மாத்திரை குடுப்பாங்க, சாப்பிட்டுட்டு வரச் சொன்னாங்க" என்று ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் செய்திக்கு மட்டும் எந்த ஆவணக்காப்பகத்திலும் கோப்பு இல்லை. மாத்திரையை விழுங்கியதும் அந்தச் செய்தியின் ஆயுள் முடிந்துவிடுகிறது. துண்டுச்சீட்டாக வந்திருந்தால் அது அடுப்பங்கரையில் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும்.

இந்தச் சிறு செய்திகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பள்ளிக்கு வீட்டிடம் ஏதாவது ஒன்று தேவைப்படும்போதுதான் வீட்டுக்குச் செய்தி போகிறது. தேவை மாறும்போது செய்தியின் வடிவமும், அதைச் சுமப்பவரும், வீட்டில் அதைப் பெறுபவரும் மாறுகிறார்கள். சேலத்துக்குத் தென்மேற்கே, நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டிய ஆட்டையாம்பட்டியை மனதில் வைத்து இதைப் பார்ப்பது பொருத்தம். முறுக்குக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற பேரூர் அது. வீடே தொழிற்கூடமாக இருக்கும் ஊரில் பள்ளியின் செய்தி வந்து விழுவது வேலைக்கு நடுவில்.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் தனி அறிவிப்பே தேவைப்படவில்லை. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி என்று விடுமுறை நாட்களைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரே நாட்காட்டி. வாத்தியாருக்கு வீட்டிடம் தேவைப்பட்டது சம்பளம் மட்டும். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்டந்தோறும் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1790களில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் பாராமகாலில் நிலவரி வேலை பார்த்தவர் என்பதால் சேலம் வட்டாரம் அவருக்குப் பழக்கமான மண்தான். திரண்டு வந்த கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில், ஆசிரியர்கள் பொதுவாக மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்று மன்றோ வருந்துகிறார். அந்தத் தொகை அரசிடமிருந்து வரவில்லை. வீடு வீடாகத் தேறியதுதான்.

அதைத் தேற்றுவதற்கு வாத்தியாரே நடந்தார். நவராத்திரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பாட்டும் கோலாட்டமுமாக ஊரிலுள்ள வீடுகளுக்குப் போய்ப் பணம் பெற்ற வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். அவர் சொல்வது தஞ்சைப் பகுதியை. இருந்தாலும் இந்த வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. பிள்ளை எதைக் கற்றது என்று வீட்டார் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். இன்றைய ஆண்டுவிழாவும் கட்டண நினைவூட்டலும் தேர்ச்சி அறிக்கையும் ஒரே ஊர்வலத்தில் அடங்கியிருந்தன. ஆனால் இந்த ஊர்வலம் எல்லாத் தெருவுக்கும் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத சாதிகளின் வாசலில் வாத்தியாருக்கு வேலை இல்லை. பழைய பள்ளியை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாக நடந்துவிடுகிறார்கள்.

1854இன் உட் கல்வி அறிக்கை மானிய முறையைக் கொண்டுவந்தது. பின்னர் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் ஏற்பாடும் வந்தது. வாத்தியாரின் தேவை இப்போது மாறிவிட்டது: பிள்ளை வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பெஞ்சில் இருக்க வேண்டும். விடுமுறையும் பஞ்சாங்கத்தை விட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது. அறிவிப்பு என்பது உண்மையில் இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. பள்ளியின் நாளும் வீட்டின் நாளும் வேறு வேறாகிவிட்டால் யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும். சொல்லும் வேலையைச் சட்டாம்பிள்ளையும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். 1920இன் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி விரும்பும் இடங்களில் கட்டாயக் கல்விக்கு வழிசெய்தது. பிள்ளையை அனுப்பாத வீட்டைக் கேள்வி கேட்கும் அதிகாரமும் அதோடு வந்தது. அதுவரை நினைவூட்டலாக இருந்தது எச்சரிக்கையாகவும் மாறக்கூடும் என்றானது.

பள்ளி வீட்டுக்குச் சொன்ன செய்திகளில் நெடுங்காலம் நிலைத்த ஒன்று இந்தக் காலகட்டத்துக்குரியது: பிறந்தநாள். தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொண்டார்கள். மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாகச் சான்றிதழ் வைத்திருக்கும் பெரியவர்கள் தமிழ்நாட்டில் இத்தனை பேர் இருப்பது தற்செயல் அல்ல. ஐப்பசியில் அடைமழையில் பிறந்தவன் என்று ஆத்தா சொன்னது வீட்டோடு நின்றது.

1953இல் வந்த திட்டம் வீட்டிடம் கேட்டது பெரியது. கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது ராஜாஜியின் அரசு. அவர் அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். நெசவாளியின் வீட்டை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தறிக்குழியில் கால் வைத்திருந்த அப்பனிடம், "உன் பிள்ளைக்கு இனி நீதான் பாதி வாத்தியார், சம்மதமா?" என்று எந்தப் பள்ளியும் கேட்டுவரவில்லை. செய்தி முடிவாக வந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தவர்கள் தெருவில் நின்றார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசர் காலம் வேறு விதமாகக் கேட்டது. 1956இல் தொடங்கிய பகலுணவுத் திட்டத்தில் செலவில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றது; மீதி 40 ஊர்ப் பொறுப்பு. பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலம், கட்டடம், பெஞ்சு, சீருடை எனக் கொடுத்தார்கள். யார் எதைக் கொடுத்தார் என்பது மேடையில் வாசிக்கப்பட்டது. திண்ணை வாத்தியாருக்குப் பின் பள்ளி மறுபடியும் வெளிப்படையாகக் கைநீட்டிய காலம் இது. கொடுத்த கைக்குப் பேச உரிமை இருந்தது. நன்கொடை எழுதியவர் தலைமையாசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கூரை ஒழுகுதே, பாத்தீங்களா?" என்று கேட்க முடிந்தது. கொடுக்க முடியாதவர் கேட்டாரா என்பது வேறு கேள்வி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் ஊர்ப் பங்கு இல்லை. முழுச் செலவும் அரசுடையது. அதற்கு முந்தைய ஆண்டு, 1981 ஜூனில், ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாகியிருந்தார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பெயர்ப்பலகை மட்டும் இன்றுவரை ஊராட்சியைச் சுமந்து நிற்கிறது. நிர்வாகம் மேலே போகப்போக, செய்தி மேலிருந்து கீழே வருவது மட்டும் மிஞ்சியது.

எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையிலான தலைமுறைக்கு அறிவிப்பு என்றால் வழிபாட்டுக் கூட்டத்தில் கேட்பதுதான். "எல்லாரும் வீட்ல சொல்லிடுங்க" என்று தலைமையாசிரியர் முடிப்பார். கேட்டதில் பாதி வீடு சேரும். முக்கியமானதென்றால் கால் தாளில் சைக்ளோஸ்டைல் சீட்டு வரும்; கீழே புள்ளிக்கோடு, அதன் அருகில் 'பெற்றோர் கையொப்பம்'. ஆட்டையாம்பட்டி மாதிரி ஊரில் கை முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு விரல்களில் மாவு. சீட்டைத் தொடக்கூட முடியாது. பிள்ளை படித்துக் காட்டும், அம்மா "ம்" கொட்டுவார். சீட்டு யாருக்கு எழுதப்பட்டதோ அவர் அதைக் காதால் கேட்டார். எழுதியவருக்குத் தூதாக நடந்தவரே வாசகராகவும் இருந்தார். தனக்கு எதிரான செய்தியைப் படிக்கும்போது அந்த வாசகர் சில வரிகளை விழுங்கியிருப்பார் என்று சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு. ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுப் பழகியவர்கள் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள்.

ஊருக்கே சொல்ல வேண்டியதற்குத் தண்டோரா இருந்தது. போலியோ சொட்டு மருந்து நாளும் வரி கட்டும் கெடுவும் அப்படித்தான் தெருவுக்கு வந்தன. பறையைத் தோளில் மாட்டி அறிவிக்கும் வேலை ஒரே சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. அரசுச் செய்தியை ஊரெல்லாம் கொண்டுபோனவர், செய்தி சொல்லிவிட்டு எந்தத் திண்ணையில் உட்கார முடிந்தது? 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடுவதைத் தடைசெய்யச் சொன்னார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்றார். ஒலிபெருக்கி ஊருக்கு வந்து எத்தனையோ பத்தாண்டுகளுக்குப் பிறகு.

தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளின் வேன்கள் கிராமத்துத் தெருக்களுக்குள் நுழைந்தபோது பிள்ளையின் பையில் டைரி வந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. அந்தக் கல்விச் சந்தையின் ஓரத்தில்தான் ஆட்டையாம்பட்டியும் இருக்கிறது. டைரிக் குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. பணம் கட்டிப் படிக்கவைக்கும் வீடு, தனக்கு வந்த செய்தியைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைத் தேடியது. பிறகு குறுஞ்செய்தி, அதன்பின் வாட்ஸ்அப்.

வாட்ஸ்அப் வந்ததும் வீட்டுக்குத் தனியாக ஒரு செய்திப் பாதை கிடைத்துவிட்டது. அது பள்ளியின் வழியாக வராத பாதை. இதன் விளைவை 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை ஏறத்தாழ 1.76 கோடிப் பேர் இலக்கு. பெரும்பகுதி ஊசி பள்ளிகளில் போடுவதாகத் திட்டம். வழக்கம்போலப் பள்ளி சொன்னது, வீடு அனுப்பும் என்று எதிர்பார்த்தார்கள். வீடுகளில் அதற்குமுன்பே வாட்ஸ்அப் பேசியிருந்தது: ஊசி ஆபத்து, வெளிநாட்டுச் சதி, பிள்ளை பெறாமல் போய்விடும். முகாம் நாளில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். மாத இறுதியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியிருந்தது. சுகாதாரத் துறையினரும் ஆசிரியர்களும் பெற்றோரை உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் நிலைமை மாறியது.

வதந்தியை நம்பிய பெற்றோரைத் திட்டுவது எளிது. அதுவரை பல ஆண்டுகளாகப் பள்ளியிலிருந்து வந்த ஒவ்வொரு சீட்டும் உத்தரவு நடையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். எதற்கு, ஏன், என்ன பக்கவிளைவு என்று கேட்க அந்தச் சீட்டில் இடமே இருந்ததில்லை. கையெழுத்துக்கு மட்டும் புள்ளிக்கோடு இருந்தது. வதந்தியோ உறவினரின் எண்ணிலிருந்து, பேச்சுத் தமிழில், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் தொனியில் வந்தது. 2015 முதல் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் மென்று விழுங்க வேண்டும், சிலருக்கு லேசாக வயிறு வலிக்கலாம், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்ன ஆசிரியரின் வகுப்பில் பெற்றோர் பதறி ஓடிவருவது குறைவாக இருக்கும் என்பதை ஊகிக்க ஆய்வு வேண்டியதில்லை.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதமும் பள்ளி என்பதே ஒரு வாட்ஸ்அப் குழு. விசைத்தறி நைட் ஷிப்ட் போகும் அப்பாவோடு போனும் போய்விட்டால் பிள்ளைக்கு அன்று பள்ளி இல்லை. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டும் ஆட்டமுமாகப் போயின. உ.வே.சா. காலத்துத் திண்ணை வாத்தியார் பார்த்திருந்தால் அந்த உத்தியை உடனே அடையாளம் கண்டிருப்பார்.

இன்றைய குழுவில் ஒரு வாரத்தில் வருவதைப் பாருங்கள். காலை உணவு சாப்பிடும் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பவும். ஆதார் நகலும் வங்கிப் புத்தக ஜெராக்ஸும் நாளைக்குள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி உண்டு. 2024இல் பெற்றோரின் செல்பேசி எண்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் சரிபார்க்கும் வேலை ஆசிரியர்களிடம் வந்தது. ஒவ்வொரு வீட்டையும் அழைத்து "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். ஓடிபியை எவரிடமும் சொல்லாதே என்று வங்கியும் போலீசும் ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பழக்கிய வீடு அது. தயங்கிய பெற்றோர் புத்திசாலிகள். வாத்தியாரின் குரலை அடையாளம் கண்டவர்கள் சொன்னார்கள்.

வீடு பதில் பேசுவதற்குச் சட்டம் தந்த ஒரே இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் அதை வைத்தது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் அது கையெழுத்து வாங்கும் நோட்டாகவே கிடந்தது. 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பெற்றோரைக் கூட்டினார்கள். அதன்பின் 20 பேர் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டன. தலைவர் ஒரு தாய். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் வந்தார்கள். கூட்டத் தீர்மானங்கள் இப்போது செயலியில் ஏறுகின்றன: கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், கூடுதல் ஆசிரியர். இந்த நூற்றாண்டின் தொடக்கப் பள்ளி வரலாற்றை எழுதப்போகிறவருக்கு அந்தத் தீர்மானங்கள் முதல்தரச் சான்று. அவற்றைப் படிக்கும்போது அவர் முதலில் பார்க்க வேண்டியது இதை: வாக்கியத்தைச் சொன்னது தலைவியா, தட்டச்சு செய்த தலைமையாசிரியரா? அடுத்த மாதக் கூட்டத்தில் போன மாதத் தீர்மானத்துக்கு மேலிடம் என்ன சொன்னது என்று யாராவது வாசித்துக் காட்டினார்களா?